புகைச் சான்று: படம் எடுத்தது போதும், அளந்ததைச் சோதியுங்கள்

மதிப்பிற்குரிய போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். புகைப் பரிசோதனை நிலையங்களுக்கு, வண்டியை அங்கேயே படம் எடுக்கும் கைபேசிச் செயலியும் இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ்ஸும் வந்த பின்னணி தாங்கள் அறிந்ததே. வண்டியே வராமல் சான்று கொடுத்த பழக்கத்துக்கு அது பூட்டுப் போட வந்தது, வரவேற்கிறோம். ஆனால் வண்டி வந்து நின்றதற்கு மட்டுமே அந்தப் படம் சாட்சி. புகையை ஒழுங்காக அளந்தார்களா என்பதையும் சோதியுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

டீசல் வண்டியில் ஆயில் 60 டிகிரிக்குச் சூடேறியிருக்க வேண்டும். நியூட்ரலில் ஆக்சிலேட்டரைச் சட்டென அடிவரை மிதித்து, இன்ஜினின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியான கவர்னர் தடுக்கும் வேகம் வரை இன்ஜினை ஏற்ற வேண்டும். பலமுறை மிதித்துச் சராசரி எடுக்க வேண்டும். பழைய வண்டிக்காரரோ வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்துவிடுமோ என்று பாதி மிதியிலேயே காலை எடுத்துவிடுகிறார். அந்தப் பயத்திலும் நியாயம் உண்டு; பெல்ட் அறுந்தால் வால்வு வளைந்து இன்ஜினே போய்விடும். ஆனால் பாதி மிதிக்குப் பாதிப் புகைதான். பழைய டீசல் வண்டிகளுக்கான 65 ஹார்ட்ரிட்ஜ் (புகை அடர்த்தியின் அலகு) வரம்பைத் தாண்டித் தோற்க வேண்டிய லாரி சுலபமாகத் தேறிவிடுகிறது. முழுதாக மிதிக்கச் சொல்லும் நிலையத்தை விட்டுவிட்டு, மிதிக்கச் சொல்லாத நிலையத்தைத் தேடி வண்டி போகிறது. முறையாக அளப்பவர் வாடிக்கையாளரை இழக்கிறார். இதுதான் எங்களைத் தின்னும் வேதனை. இன்ஜின் சுழலும் வேகமான ஆர்.பி.எம். பதிவும் புகை அளவோடு சேர்ந்து சர்வருக்கு ஏறட்டும். பாதி மிதி அங்கேயே தெரிந்துவிடும்.

பெட்ரோல் காரில், புகையை உறிஞ்சும் குழாயான ப்ரோபை சைலன்சருக்குள் 30 செ.மீ. செலுத்த வேண்டும். நுனியில் தொங்கவிட்டாலோ, மெஷினின் குழாயில் கசிவு இருந்தாலோ, வெளிக்காற்று கலந்து கார்பன் மோனாக்சைடு குறைந்து காட்டும். அதைக் காட்டிக்கொடுப்பது கார்பன் டை ஆக்சைடு. இரண்டும் சேர்ந்து 15 சதவீதத்தை ஒட்டி வர வேண்டிய இடத்தில் 7 வந்தால், மெஷின் உறிஞ்சியதில் பாதி காற்று. (புகையோடு காற்றைக் கலக்கும் செகண்டரி ஏர் அமைப்பு உள்ள பைக்குகளுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.) மெஷினே எழுதிக்காட்டும் எண் இது. பார்ப்பவர்தான் இல்லை.

சாலையில் வண்டியை நிறுத்திச் சோதிக்கிறவர்களும் காகிதத்தைத்தானே பார்க்கிறார்கள்? கரும்புகை கக்கும் வண்டி சான்றைக் காட்டிவிட்டுப் போகிறது. சுத்தமாக ஓடும் பைக்கின் சான்று ஒரு நாள் காலாவதியானால், 10,000 ரூபாய் வரை அபராதம் சொல்லும் பிரிவு பாய்கிறது. பள்ளி வாசலில் நிற்கும் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போவது எந்த வண்டியின் புகை?

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறோம். கேட்பது ஒன்றே: அளந்ததைச் சோதியுங்கள். அளவு தெரிந்த கேலிபரேஷன் வாயு சிலிண்டரோடு ஆய்வாளர் முன்னறிவிப்பின்றி வரட்டும். சிலிண்டரில் உள்ள அளவை மெஷின் காட்டாவிட்டால், சரிசெய்யும் வரை அந்த நிலையம் சான்று தரக்கூடாது. எங்கள் நிலையங்களிலிருந்தே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
புகைப் பரிசோதனைத் தொழிலில் இருப்பவர்கள்