கன்டெய்னர் கடையின் குறைகளைச் சரிசெய்து தரக் கோரிப் புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு

பொருள்: தையல் கடையாக மாற்றித் தந்த 20 அடி கன்டெய்னரில் உள்ள குறைகள்

வணக்கம்.

பழைய சரக்குக் கன்டெய்னர் ஒன்றைத் தையல் கடையாக மாற்றித் தரும் வேலையை உங்களிடம் ஒப்படைத்திருந்தேன். பெட்டி வந்து இறங்கிவிட்டது, பார்க்கவும் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வாசல் ஷட்டரை இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால்தான் திறக்கிறது.

வாசலுக்காக நீளப் பக்கத்துச் சுவரில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்திருக்கிறீர்கள். கன்டெய்னரின் பாரம் நான்கு மூலைத் தூண்களில் இறங்கினாலும், தூண்களுக்கு நடுவே மேல் விட்டம் தொய்யாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்த நெளிவுத் தகட்டுச் சுவர்தான். அதை வெட்டினால், வெட்டிய இடத்தைச் சுற்றி இரும்புச் சட்டம் வைத்து வெல்டிங் செய்தாக வேண்டும். நீங்கள் கொடுத்த வரைபடத்தில் அந்தச் சட்டம் இருக்கிறது; பெட்டியில் இல்லை. அளவெடுப்பது என் தொழில் என்பதால் விட்டத்தின் மேல் முனைக்கு முனை நூல் பிடித்துப் பார்த்தேன். நடுவில் நூலுக்கும் விட்டத்துக்கும் இடையே விரல் தாராளமாக நுழைகிறது. உங்கள் ஆள் வந்து ஷட்டருக்கு எண்ணெய் போட்டுவிட்டு, "போகப் போகச் சரியாகிவிடும்" என்று சொல்லிப் போனார். தொய்ந்த விட்டத்துக்கு எண்ணெய் என்ன செய்யும்?

அப்புறம், தண்ணீர். விடியற்காலையில் கடையைத் திறந்தால் உள்கூரைப் பலகை இணைப்புகளில் முத்து முத்தாக நீர் நிற்கிறது. வெட்டி வைத்த துணியில் சொட்டி, துருக் கறையோடு காய்ந்திருக்கிறது. கூரை ஒழுகுகிறது என்று சொல்லி மேலே சீலன்ட் பூசினீர்கள். மழையே பெய்யாத வாரத்திலும் சொட்டியதே! இஸ்திரிப் பெட்டியின் ஆவி, ஆட்களின் மூச்சு எல்லாம் இரவில் குளிர்ந்த இரும்பில் பட்டு நீராகிறது. இதைத் தடுக்கத்தான் தகட்டோடு ஒட்டும்படி ஃபோம் அடிப்பதாக ஒப்பந்தத்தில் எழுதினோம். சுவிட்ச் பெட்டியைக் கழற்றிப் பார்த்தபோது பிளைவுட்டுக்குப் பின்னால் வெறும் தகடுதான் தெரிந்தது. காற்றோட்டத்துக்கு இருந்த துளைகளையும் பெயின்ட் பூசி அடைத்திருக்கிறீர்கள்.

மேசை அமைப்பும் கோளாறு. கன்டெய்னரின் வெளி அகலம் 2.44 மீட்டர், உள் அகலம் சுமார் 2.35 மீட்டர். பலகை அடித்தபின் அதிலும் குறைகிறது. வெளி அளவை வைத்துத் திட்டம் போட்டதால், துணி வெட்டும் மேசைக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்துத்தான் போக முடிகிறது.

தரையைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். இந்தப் பெட்டிகளின் மரத்தரைக்குப் பூச்சிமருந்து ஏற்றுவது வழக்கம். எந்த மருந்து என்ற விவரம் கதவில் இருந்த உலோகத் தகட்டில் இருந்திருக்கும். அதைக் கழற்றியது நீங்கள்தான். தகட்டையோ அதன் படத்தையோ அனுப்புங்கள். நாள் முழுக்க அந்தத் தரையில் உட்கார்ந்து கைத்தையல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் கட்டுமானப் பொறியாளர் ஒருவர் வந்து பார்க்க வேண்டும். விட்டத்தை ஜாக்கி வைத்து நிமிர்த்திய பிறகே சட்டத்தை வெல்டிங் செய்யுங்கள். இல்லையென்றால் தொய்வு அப்படியே நிலைத்துவிடும். ஃபோம் தீப்பிடிக்கும் என்பதால் வெல்டிங் முடிந்த பிறகுதான் அதை அடிக்க வேண்டும். மேசையை மாற்றுவது கடைசியில் இருக்கட்டும். இத்தனையும் உங்கள் செலவில் நடக்க வேண்டும். கறைபட்ட துணிகளுக்கான இழப்பீட்டுப் பட்டியலை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

சட்டம் பொருத்தி முடியும் வரை கடைசித் தவணையைத் தர மாட்டேன். பொறியாளர் வரும் தேதியை எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்