இரும்புக்கை மாயாவியை வரைந்தவர்

அன்பு நண்பர் சோமசுந்தரம் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. பேரன் ஓவியக் கல்லூரியில் சேர்ந்திருப்பது அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது; படிக்கலாம் என்று மருத்துவர் சொன்னதும் பழைய முத்து காமிக்ஸ் இதழ்களைத்தான் முதலில் எடுத்தேன். இரும்புக்கை மாயாவியை வரைந்தவர் யார் என்று பேரன் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். 1972இல் சிவகாசியிலிருந்து வந்த முதல் முத்து காமிக்ஸே மாயாவியின் கதைதான். ஆனாலும் அந்தக் கேள்வி அந்நாளில் நமக்குத் தோன்றவே இல்லை.

அவர் பெயர் ஹெஸுஸ் பிளாஸ்கோ. 1919இல் பார்சிலோனாவில் பிறந்தவர். 1935இல், பதினாறு வயதுகூட நிரம்பாத நிலையில், கூட்டோ என்ற சாகசச் சிறுவனைப் படைத்தார். மறு ஆண்டே ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. குடியரசுப் படையில் நின்று போரிட்ட அவர், தம் தரப்பு தோற்றபின், வென்ற சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில்தான் மீண்டும் தூரிகையைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆயினும் 1940களில் சீக்கோஸ் என்ற சிறுவர் இதழில் வந்த கூட்டோ கதைகளே அவருக்கு ஸ்பெயினில் பெரும்புகழ் தேடித் தந்தன.

பின்னர் லண்டனின் ஃப்ளீட்வே நிறுவனத்துக்கு வரையத் தொடங்கினார். 1962 அக்டோபரில் வேலியண்ட் வார இதழ் முதன்முதலாக வெளிவந்தபோது, கென் பல்மர் எழுத, இவர் வரைந்த தொடர்தான் நம் மாயாவி. ஆய்வுக்கூட உதவியாளரான லூயிஸ் கிராண்டேல் மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, இரும்புக் கை மட்டும் தெரிய நடமாடுகிறான். ஓவியருக்கு இது எத்தகைய சோதனை என்று எண்ணிப் பாருங்கள். நாயகனுக்கு முகமில்லை, கண்ணில்லை, கோபத்தையும் தயக்கத்தையும் ஐந்து விரல்கள்தாம் காட்ட வேண்டும். பிளாஸ்கோவின் கட்டங்களில் அந்தக் கை இறுகும், விரியும், கதவுப் பிடியருகே ஒரு கணம் தயங்கி நிற்கும். எதிரே நிற்பவர்களின் மிரண்ட விழிகளையும், பின்னால் அப்பிய கரிய நிழல்களையும் பார்க்கும்போது, வெற்றிடத்தில் ஓர் ஆள் நிற்பதை நம் மனம் ஐயமின்றி நம்பிவிடுகிறது. முகத்தை அற்புதமாக வரைந்தவர்கள் பலர் உண்டு. முகமே இல்லாமல் ஒரு மனிதனை இவ்வளவு உயிரோடு நடமாடவிட்டவர் வேறொருவரை நான் அறியேன்.

இவ்வளவு செய்தவரின் பெயரை அவ்விதழ் அச்சிடவில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது. அக்காலப் பிரித்தானியச் சிறுவர் வார இதழ்களில் எழுதியவர், வரைந்தவர் பெயர்களைப் போடும் வழக்கமே இல்லை. வாரந்தோறும் கெடு தவறாமல் பக்கங்களைக் கொடுத்தாக வேண்டிய அந்த உழைப்பில், சகோதரர்கள் அலெஹாந்த்ரோவும் அத்ரியானோவும், சகோதரி பிலியும் அவருக்குத் தோள் கொடுத்தார்கள். குடும்பமே கூடி வரைந்ததைக் கடல் கடந்த சிறுவர்கள் கொண்டாடினார்கள். நாமும் கொண்டாடினோம், வரைந்தவர் பெயர் தெரியாமலே.

பிற்காலத்தில் இத்தாலிக்காக டெக்ஸ் என்ற கௌபாய் படக்கதைகளையும் வரைந்தார். 1995இல் காலமானார், அறுபது ஆண்டுகள் நீண்ட தொழில் வாழ்க்கை அது.

மாயாவி இதழ்கள் இரண்டைக் கூரியரில் அனுப்புகிறேன். வசனங்களை மறைத்துக்கொண்டு கைகளை மட்டும் பார்த்து வரையும்படி பேரனிடம் சொல்லுங்கள். வரைந்ததை எனக்கு அவசியம் அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்,
வேலாயுதம்