மண்டபத்தின் வயதும் லாட்ஜின் வயதும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கோல்மன் ஸ்திரீட் பழைய கட்டடங்கள் பற்றிய கட்டுரையில், ஃப்ரீமேசன்கள் என்னும் சகோதரத்துவ அமைப்பினர் 1879இல் சிங்கப்பூருக்கு வந்ததாக எழுதியிருந்தீர்கள். அது இன்று சிறுவர் அரும்பொருளகத்துக்குப் பக்கத்தில் நிற்கும் அவர்களது மண்டபம் எழும்பிய ஆண்டு. சபை அதைவிட 34 ஆண்டு மூத்தது. ஃப்ரீமேசன் வழக்கில் 'லாட்ஜ்' என்றால் தங்கும் விடுதியும் அல்ல, கட்டடமும் அல்ல. கூடும் உறுப்பினர்களின் சபைக்கே அந்தப் பெயர். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

இங்கு முதலில் அமைந்த லாட்ஜ் 'செட்லண்ட் இன் தி ஈஸ்ட்'. 1845 டிசம்பர் 8ஆம் தேதி அதன் தொடக்கச் சடங்கு நடந்தது. அப்போது இங்கிலாந்து ஃப்ரீமேசன்களின் தலைமைப் பேரவைக்குத் தலைவராக இருந்த செட்லண்ட் பிரபுவின் பெயரையே வைத்தார்கள். முதலில் சேர்க்கப்பட்டவர் வணிகர் டபிள்யூ. எச். ரீட். இந்தச் சபையை சர் ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் நிறுவினார் என்று சிலர் சொல்வதும் தவறு. அவர் 1813இல் ஜாவாவில் உறுப்பினரானவர்; 1826இலேயே மறைந்துவிட்டார்.

அந்தப் பேரவை சபைகளுக்குத் தரும் வரிசை எண்ணிலும் கவனம் தேவை. தொடக்கத்தில் இந்தச் சபைக்கு 748. கலைந்துபோன சபைகளின் எண்களை நீக்கி 1863இல் இங்கிலாந்தில் வரிசையைச் சுருக்கியபோது அது 508 ஆனது. பழைய ஏட்டில் 748, புதிய ஏட்டில் 508 என்று பார்ப்பவர்கள் இரண்டு சபைகள் என்று கணக்கிட்டுவிடுகிறார்கள். 1867இல் வந்த செயின்ட் ஜார்ஜ் லாட்ஜின் 1152 புதிய வரிசையில் தரப்பட்டது. அதை 508உடன்தான் ஒப்பிட வேண்டும்.

இந்தச் சபையின் தொடக்க கால வேலைகளில் எனக்கு முக்கியமாகப் படுவது கலங்கரை விளக்கங்கள். பெட்ரா பிராங்கா தீவில் ஹோர்ஸ்பர்க் விளக்கத்துக்கு 1850 மே 24லும், ராஃபிள்ஸ் விளக்கத்துக்கு 1854இல் அதே தேதியிலும் மேசன் முறைப்படி அடிக்கல் நாட்டினார்கள். மே 24 விக்டோரியா அரசியின் பிறந்தநாள். அந்த முறையில் கல்லை இறக்கியதும் மூலைமட்டத்தால் கோணமும், மட்டத்தால் கிடையும், தூக்குக்குண்டால் நேரும் பார்ப்பார்கள். நம் கொத்தனார் கையில் இருக்கும் அதே கருவிகள்தான். பிறகு தானியம், திராட்சை ரசம், எண்ணெய் மூன்றையும் கல்லின்மேல் இடுவார்கள்.

அடுத்த பதிப்பில் 1845, 1879 இரண்டையும் தனித்தனியே குறிப்பிட்டுத் திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், தோ பாயோ