கோபுர மர ஓடும் தெற்குச் சுவரும்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பான சபையாருக்கு,

நம் ஆலயக் கோபுரத்தைச் சுற்றி நின்ற சாரத்தைப் போன வாரம் பிரித்துவிட்டார்கள். ஆங்கில அறிக்கை ஆண்டுக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. "இவ்வளவு நாளா அப்படி என்னதான் வேலை?" என்று நம் தமிழ்க் குடும்பங்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் இது தமிழில். வரவு செலவுக் கணக்கு வாசல் பலகையில் இருக்கிறது.

முதலில் சுவர். இங்கிலாந்தின் இந்த சர்ரே பகுதியில் நல்ல கட்டடக் கல் குறைவு. அதனால் நார்த் டௌன்ஸ் மேடுகளில் கிடைக்கும் சிக்கிமுக்கிக் கல்லைச் சுண்ணாம்புக் காரையில் பதித்துச் சுவர் எழுப்பினார்கள். மூலைகளுக்கும் ஜன்னல் சட்டங்களுக்கும் மட்டும் ரைகேட் கல் என்ற மெத்தென்ற உள்ளூர் மணற்கல். செதுக்க எளிது, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயிலேயே இருக்கிறது. ஆனால் மழைக்குத் தாங்காது. பீடத்துக்கு இருபுறமும் உள்ள ஒடுங்கிய கூர்முனை ஜன்னல்கள் 13ஆம் நூற்றாண்டுப் பாணி. இத்தனை காலம் நின்றதே பெரிது.

அவற்றுக்குக் கேடு வந்தது போன நூற்றாண்டில்தான். யாரோ நல்ல எண்ணத்தில் தெற்குச் சுவரின் இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்துவிட்டார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. உள்ளே சிக்கிய தண்ணீர் வேறு வழியில்லாமல் மெத்தென்ற ரைகேட் கல்லுக்குள் இறங்கி, குளிரில் உறைந்து, கல்லைச் செதில் செதிலாக உதிர்க்கும். தெற்கு ஜன்னலின் அடிக்கல் விரல் பட்டாலே மாவாகக் கொட்டியது பலருக்கு நினைவிருக்கும். ஆக, இந்தத் திருப்பணியில் பாதி, பழைய ரிப்பேரைப் பிரித்த வேலை. மிஷின் வைத்தால் கல் உடையும் என்பதால் உளியும் சுத்தியலும்தான். அப்புறம் சுண்ணாம்புக் காரை. அது காயும்வரை ஈரச் சாக்கு தொங்கவிட்டார்கள். ஊரில் புதுத் தளத்துக்குப் போடுவோமே, அதேதான். உறைபனிக் காலத்தில் சுண்ணாம்பு வேலை செய்யவே கூடாது. குளிர்காலம் முழுக்கச் சாரம் சும்மா நின்றது அதனால்தான், ஆட்கள் வராததால் அல்ல.

கோபுரத்தின் ஓக் மர ஓடுகளை மரங்கொத்திகள் துளைத்திருந்தன. சேதமானவற்றை மட்டும் மாற்றினோம். ஓக்கின் துவர்ப்பு இரும்பை அரித்துவிடும்; ஆகவே செப்பு ஆணிகள். புது ஓடு இப்போது பிஸ்கட் நிறத்தில் திட்டுத் திட்டாகத் தெரிகிறது. கேலி செய்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள், வெயில் மழை பட்டு வெள்ளிச் சாம்பலாகிவிடும்.

தாமதத்துக்கு இன்னொரு காரணம் வௌவால். கோபுர அடியில் குட்டிகளோடு இருந்தன. இங்கே சட்டப் பாதுகாப்பு உள்ள உயிர், விரட்ட முடியாது. அவை போகும்வரை காத்திருந்தோம். திருச்சபையின் திருமண்டல நீதிமன்றத்தின் அனுமதிக்கும் நாள் பிடித்தது. ஃபேகல்ட்டி என்ற அந்த உத்தரவு இல்லாமல் இதுபோன்ற வேலையில் கைவைக்க முடியாது.

உட்சுவருக்கு வெள்ளையடிக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இன்று நாம் 'பழைமை' என்று ரசிக்கும் வெற்றுக்கல் சுவர் உண்மையில் விக்டோரியா காலத்து வேலை. அதற்கு முன் உள்ளே பூச்சும் வெள்ளையும் இருந்தன; அவற்றை அப்போதுதான் சுரண்டி எடுத்தார்கள். இப்படிச் சுரண்டும் மோகத்தை எதிர்த்துத்தான் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். பக்கத்துச் சால்டன் ஆலயத்தில் வெள்ளைப்பூச்சுக்கு அடியிலிருந்து 1200 வாக்கில் தீட்டிய பெரிய சுவரோவியம் கிடைத்தது: ஆத்துமாக்கள் ஏணியில் ஏறுவதும் விழுவதும். நம் சுவரில் அப்படி ஒன்று இருந்திருந்தாலும் பூச்சோடு போயிருக்கும். வெள்ளையடிப்பதை அடுத்த குழு தனியாகப் பேசட்டும். அதற்கும் ஃபேகல்ட்டி வேண்டும்.

கழற்றிய பழைய மர ஓடுகளை வெஸ்ட்ரிக்கு (குருவானவர் அங்கி மாற்றும் அறைக்கு) பின்னால் அடுக்கியிருக்கிறோம். வேண்டியவர்கள் ஞாயிறு ஆராதனைக்குப் பின் எடுத்துப் போகலாம். ஆணிகளைப் பிடுங்கியாயிற்று, ஆனாலும் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

திருப்பணிக் குழுவினர்