செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மழையால் தள்ளிப்போன டிசம்பர் கூட்டம் தவிர மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அப்புறம் கீழ்ப்புத்துப்பட்டு கோயில் காட்டுக்குப் போய், விழுந்து கிடக்கும் மரங்களை அகற்றலாம் என்று நம்மில் பலர் சொன்னோம். நானும்தான் சொன்னேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஜனவரிக் கூட்டம். ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியரான நம் உறுப்பினர், ஸ்கபேனியா கரிந்தியாகா என்ற சின்னஞ்சிறு செடியைப் பற்றிப் பேசினார். பள்ளியில் ரிக்ஸியா, மார்கான்ஷியா படித்தோமே, அந்த லிவர்வோர்ட் இனம்; பாசி போல ஒட்டி வளரும், பூக்காத செடி. ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் போன்ற மலைக்காடுகளில் மிக அரிதாகவே இருக்கிறது. ஓடைக்கரையில் விழுந்து, பட்டை உரிந்து, மெத்தென்று மக்கிய மரம்தான் அதன் முக்கிய இருப்பிடம். அதற்கு வேர் கிடையாது. இலை ஒரே ஒரு செல் கனம். உடம்பு முழுவதாலும் ஈரத்தை உறிஞ்சுகிறது. வறண்ட காற்று ஆகவே ஆகாது. இனப்பெருக்கத்தின்போது ஆண் அணு நீரில் நீந்தித்தான் பெண் அணுவைச் சேர வேண்டும். சரி, ஈரம் இருந்தால் போதுமா? போதாது. அது குடியிருக்கும் மரம் நாளுக்கு நாள் மக்கிக்கொண்டே இருக்கிறது. அது மண்ணோடு மண்ணாவதற்குள் பக்கத்தில் இன்னொரு மரம் விழுந்து, பதமாக மக்கியிருக்க வேண்டும். விழுந்ததை எல்லாம் எடுத்துவிட்டால் செடிக்குப் போக்கிடம் இல்லை.

அந்தச் செடி நம் ஊரில் வளராது. நம்முடையது வீரை மரமும் காசா மரமும் நிற்கும் உலர் பசுமைமாறாக் காடு. ஆண்டின் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆனாலும் மக்கும் மரத்தை நம்பிக் காளான், வண்டு, மரவட்டை என்று எத்தனையோ உயிர்கள் இங்கேயும் இருக்கின்றன. ஆகவே பாதையை அடைத்த கிளைகளை ஓரமாக நகர்த்தியதோடு நிறுத்திக்கொண்டோம். அன்று ஈர மண்ணில் காசளவு வட்டங்களாக ரிக்ஸியா படர்ந்திருந்ததைக் கண்டோம். மண்டியிட்டு, உருப்பெருக்கியைக் கண்ணருகே வைத்துப் பார்த்த பிள்ளைகள் எழவே மறுத்தார்கள். இந்த ஆண்டில் எனக்கு மிகவும் பிடித்த காலை அதுதான்.

அடுத்த ஆண்டுத் திட்டத்தில் 'காட்டுத் தூய்மைப் பணி' என்றிருப்பதை 'பிளாஸ்டிக் அகற்றும் பணி' என்று திருத்தி, இந்த அறிக்கையை ஏற்குமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்