அந்தப் பெடியனின் பாட்டை முழுக்கக் கேளுங்கள்

விருதுத் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயாமாரே, அம்மாமாரே,

வணக்கம். நான் திருகோணமலையில் 25 வருடமாகச் சவுண்ட் சேர்விஸ் நடத்துபவன். இந்த முறை இளங்கலைஞர் தெரிவில் ராப் பாடும் எங்கள் தம்பியைத் தள்ளியதற்கான காரணத்தை நீங்களே மேடையில் சொன்னீர்கள். தனி அல்பம் சுமார், மற்றதெல்லாம் குழுப்பாட்டும் அடுத்தவர் பாட்டில் வந்துபோன துண்டுகளும், அவற்றுக்குப் புள்ளி இல்லை என்றீர்கள். அப்போது நான் மிக்சருக்குப் பின்னால் நின்றேன். அவனும் என் பக்கத்தில் வயர் சுற்றிக்கொண்டு நின்றான்.

உங்கள் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த அல்பத்தில் 7 பாட்டு, நிற்கக்கூடியவை 3. வேர்ஸ் என்ற ராப் சரணமும், ஹூக் என்று திரும்பத் திரும்ப வரும் வரியும் எல்லாம் ஒரே குரலில் போவதால் மூச்சு எந்த இடத்தில் விழும் என்று இரண்டாவது நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது. பீட், அதாவது பின்னால் ஓடும் தாள இசை, எல்லாம் இலவசமாகக் கிடைத்தவை. அதற்கு நீங்கள் எவ்வளவு குறைத்தாலும் நான் வாய் திறக்கமாட்டேன்.

ஆனால் கிண்ணியாப் பெடியனோடும் மூதூர்ப் பெடியனோடும் சேர்ந்து அவன் செய்தவற்றைக் கேட்டீர்களா? அதில் எப்போதும் மூன்றாவதாக வருவான். மற்ற இருவரும் வேகமாகக் கொட்டிவிட்டுப் போனபிறகு, இவன் குரலை இறக்கி, தாளத்துக்கு ஒரு இழை பிந்தி நுழைவான். முன்னால் இரண்டு பேர் ஓடியிருந்தால்தான் அந்த நிதானத்துக்கு அர்த்தம் வரும். கொழும்பில் ஒருவர் செய்த பாட்டில் இவனுக்கு 16 பார், அதாவது ஒரு வேர்ஸ் அளவு இடம், கொடுத்தார்கள். வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போன தாயைப் பற்றிய பாட்டு. மற்றவர்கள் பிள்ளையாக நின்று பாட, இவன் மட்டும் தாயாக நின்று எழுதினான். அந்த 16 பாரும் உங்கள் கணக்கில் இல்லை.

அது பதிவானது என் ஸ்டோர் அறையில். ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில், சுவரில் இரண்டு மெத்தையைச் சாய்த்துவிட்டு. கச்சான் காற்று அனலாக அடிக்கும் ஆனி மாதம், மேலே தகரக் கூரை. விசிறிச் சத்தம் மைக்கில் ஏறும் என்பதால் விசிறியையும் நிறுத்தினோம். வீதியில் ஓட்டோ போனால் திரும்ப முதலிலிருந்து. ஏழாவது தடவையோடு வெளியே வந்து குழாயடியில் தலையை நனைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனான். பதினோராவது தடவைதான் சரிவந்தது. விடிய நாலு மணிக்கு மீன் லொறிக்கு ஐஸ் ஏற்றப் போகவேண்டிய பிள்ளை அவன். தனி அல்பத்தையும் அதே அறையில்தான், நாலே இரவில் முடித்தான். அங்கே பீட், மிக்சிங் எல்லாம் அவன் தலையில். அடுத்தவர் பாட்டில் அந்தச் சுமை இல்லை. சுமை இறங்கினால் இவன் எப்படிப் பாடுவான் என்பதற்கு அந்த வேர்ஸ்கள்தான் சாட்சி. சாட்சியைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லலாமா? முழுவதையும் கேளுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ராப் பாடகர் யோகி பி நமக்குத் தெரியவந்தது எப்படி? மலேசியாவில் பொயட்டிக் அம்மோ குழு, 2006இல் நட்சத்ரா குழுவோடு ‘வல்லவன்’ அல்பம், 2007இல் ‘பொல்லாதவன்’ படத்தில் ‘எங்கேயும் எப்போதும்’, 2017இல் ‘விவேகம்’ படத்தில் ‘சர்வைவா’. எல்லாமே மற்றவர்களோடு நின்று பாடியவை. அமெரிக்காவின் அவுட்காஸ்ட் இரண்டு பேர் கொண்ட ராப் குழு. அதில் ஒருவரான ஆந்த்ரே 3000 தன் பெயரில் முதல் அல்பம் போட்டது 2023இல்தான். அதுவும் புல்லாங்குழல் இசை, ராப்பே கிடையாது. உங்கள் விதியை வைத்துப் பார்த்தால் ராப்பில் அவருக்குப் பூச்சியம். அவ்வளவு தூரம் ஏன்? யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைப் பெரியவர்கள் இன்றும் கண்கலங்கப் பேசுகிறார்கள். நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருந்து வாசித்த வாசிப்பைத் துண்டு என்று யாராவது கழித்தார்களா?

இன்னொன்றும் மனதில் கிடந்து குமைகிறது. விழா என்றால் வெளியிலிருந்து வரும் பாடகருக்கு முன்னிரவும் முழுச் சம்பளமும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கடைசிப் பத்து நிமிடம், முன்னால் கதிரை அடுக்கிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பத்து நிமிடத்திலும் “மைக்கை நிப்பாட்டு” என்று எனக்குத்தான் சைகை வரும். எத்தனை பிள்ளைகளை என் கையாலேயே நிறுத்தியிருக்கிறேன். அந்த வலியில்தான் இவ்வளவும் எழுதுகிறேன். மரியாதை குறைந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தயவுசெய்து ராப் தெரிந்த ஒருவரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு, தனியாகப் பாடியது, குழுவாகப் பாடியது, அடுத்தவர் பாட்டில் பாடியது எல்லாவற்றையும் கேட்டு, முடிவை எழுத்தில் தாருங்கள். கேட்டபிறகும் போதாது என்றால் அவனிடம் நானே சொல்கிறேன். எல்லாப் பாட்டையும் ஒரு பென் டிரைவில் போட்டு உங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். மொத்தம் 52 நிமிடம். நல்ல ஸ்பீக்கர் வேண்டுமென்றால் சொல்லியனுப்புங்கள், நானே கொண்டுவந்து பூட்டித் தருகிறேன். கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
சவுண்ட் சேர்விஸ்காரன்,
திருகோணமலை.