ஏசி ஓடுது பாப்பா

பிஎச்டி வைவா (ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு) முடிந்து மூன்று நாள் ஆகிறது. அப்பாவும் வீட்டுக்கு வந்துவிட்டார். சாம்பாரில் உப்பில்லை என்று சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டார். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த ஆறு வாரம் எப்படிப் போனது என்று உங்களுக்கெல்லாம் தெரியும், மறுபடி சொல்லப் போவதில்லை.

ரத்தம் கொடுத்தவர்கள், வைவா தேதியைத் தள்ளிவைத்துத் தந்த என் கைடு, ஆய்வுக்காகக் கணினியில் ஓடிய சிமுலேஷன் நின்றபோதெல்லாம் விட்ட இடத்திலிருந்து ஓட்டிக் கொடுத்த ஜூனியர்கள், ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுவந்த ஹாஸ்டல் தோழிகள், எல்லோருக்கும் நன்றி. நேரில் வந்து சொல்கிறேன்.

எங்கள் பில்டிங் இரவு வாட்ச்மேன் அண்ணனிடம் மட்டும் நேரில் சொல்ல முடியவில்லை. ஆரம்பித்தாலே "அட போ பாப்பா" என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு நடந்துவிடுகிறார்.

சர்வர் ரூமில் ஏசி நின்றால் கணக்குப் போடும் ஜிபியு சிப்கள் சூடேறி, பல நாள் சிமுலேஷன் ஓட்டம் பாதியில் அறுந்துவிடும். ராத்திரி ஏன் இங்கேயே கிடக்கிறாய் என்று எப்போதோ கேட்டவரிடம் இதைச் சொல்லியிருந்தேன், அவ்வளவுதான். நான் ஐசியு வாசலில் இருந்த நாட்களில், யாரும் கேட்காமலே, முழங்கால் வலியோடு 2 மணிக்கு மாடியேறிப் பார்த்துவிட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். "ஏசி ஓடுது பாப்பா. அப்பா எப்படி இருக்காரு?"

முதல் ராத்திரி அழுதுவிட்டேன். பத்தாம் ராத்திரி பாதி கேட்டதோடு போனை வைத்துவிட்டேன். அப்புறம் ஒரு நாள் 2.30 ஆகியும் வரவில்லை. படபடப்பில் உட்கார முடியவில்லை. அன்று அவரை வேறு பில்டிங்குக்கு மாற்றியிருந்தார்களாம்.

வேடிக்கை என்னவென்றால், என் ஆய்வேடே இதைப் பற்றித்தான். எதிர்பாராமல் ஒரு சொட்டு ஜூஸ் கிடைத்தால் குரங்கின் மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நியூரான்கள் துள்ளும். விளக்கு எரிந்தால் ஜூஸ் வரும் என்று பழகிவிட்டால் துள்ளல் விளக்குக்குப் போய்விடும், ஜூஸுக்கு ஒன்றும் மிஞ்சாது. விளக்கு எரிந்தும் ஜூஸ் வராவிட்டால், வரவேண்டிய அந்தக் கணத்தில் நியூரான் அடங்கிப்போகும். இயந்திரக் கற்றலுக்காக 1988இல் கணினி ஆய்வாளர் சட்டன் எழுதிய டிடி முறை (அடுத்தடுத்த கணிப்புகளின் வித்தியாசத்திலிருந்து கற்பது) இதற்குப் பொருந்துவதை மூளை ஆய்வாளர்கள் ஷுல்ட்ஸ், டயன், மாண்டேக் மூவரும் 1997இல் காட்டினார்கள். அதை வைத்து வருஷக்கணக்காக மாடல் கட்டிய எனக்கு, அண்ணன் குரலுக்கு நானே பழகிப்போனது உறைக்கவில்லை. பல ராத்திரி பதில்கூடப் போடவில்லை.

அண்ணே, அந்த மெசேஜ் ஒன்றையும் அழிக்கவில்லை. போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வு வேலை) எங்கே கிடைத்தாலும் சரி, கிளம்பும் முன் ஒரு ராத்திரி 2 மணிக்கு உங்களோடு மாடியேறி வருகிறேன். டீ என் செலவு.